விற்று வாங்கிய பிள்ளை

யாழ்ப்பாணத்து ஊர்களில், வட்டுக்கோட்டைப் பக்கத்திலும்தான், கடும் வருத்தத்திலிருந்து எழும்பிய பிள்ளையைக் கோயிலுக்கு விற்று வாங்கும் நேர்த்தி ஒன்று உண்டு. செய்முறை மிகச் சிறியது. தாய் பிள்ளையை முழுக வார்த்து, புதுச் சட்டை போட்டு, சாமிக்கு முன்னால் நிலத்தில் கிடத்துகிறாள். இல்லாவிட்டால் ஐயரின் கையில் கொடுக்கிறாள். அந்தக் கணத்தோடு பிள்ளை கோயிலுக்குரியது. பிறகு தகப்பனோ தாய்மாமனோ தட்டில் கொஞ்சம் காசு வைத்து, சாமியிடமிருந்து பிள்ளையைத் திருப்பி வாங்குகிறார். ஐயர் திருநீறு பூசிப் பிள்ளையைக் கொடுக்கிறார். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் பிள்ளை ஒருவருடைய கையிலும் இல்லாமல் கிடக்கும் அந்தச் சில கணங்களைக் கண் கலங்காமல் கடக்கும் தாயைக் காண்பது அரிது.

இதில் என்ன விற்கப்படுகிறது, என்ன வாங்கப்படுகிறது என்று யோசித்தால் எளிதில் விடை கிடைக்காது. பிள்ளையைக் காப்பாற்றியது டொக்டர் என்றால் கோயிலுக்குக் காசு ஏன்? காப்பாற்றியது சாமி என்றால், காப்பாற்றிய பிறகு அதே பிள்ளையைச் சாமிக்கு ஏன் விற்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, அதே வாட்டில் அடுத்த கட்டிலில் கிடந்து வீடு திரும்பாமலே போன பிள்ளைக்கு நேர்த்தி வைத்த தாயின் கணக்கில் என்ன பிழை?

யாழ்ப்பாணத் தமிழில் நோய்க்கு 'வருத்தம்' என்றுதான் பெயர். பிள்ளைக்கு வருத்தம் என்றால் காய்ச்சலோ வலிப்போ ஏதோ ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வருபவர் பிள்ளை எதற்காக மனம் வருந்துகிறது என்று கேட்பார். இந்த ஒரு சொல்லில் பிள்ளையின் உடம்பும் பெற்றவர்களின் மனமும் சேர்ந்தே கிடக்கின்றன. பிள்ளையின் வருத்தம் மருந்தால் தீரும். பெற்றவர்களின் வருத்தம் அதே நாளில் தீர்வதில்லை என்பது, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த முதல் இரவிலேயே தெரிந்துவிடும். நித்திரையில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் மணிக்கொரு தரம் கை வைத்துப் பார்க்கும் பழக்கம் மாதக்கணக்கில் போகாது.

இந்தக் கேள்விகளை இருநூறு ஆண்டுகளாகப் பேசிவந்த இடங்களில் வட்டுக்கோட்டையும் ஒன்று. 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன் 1823இல் இங்கே ஒரு செமினரியை நிறுவியது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். பைபிளும் வானசாஸ்திரமும் தமிழ் இலக்கணமும் ஒரே கூரைக்குக் கீழ் படிப்பிக்கப்பட்டன. சி. வை. தாமோதரம்பிள்ளை இங்கே படித்தவர். 1833இல் வந்த டொக்டர் நேதன் உவோட் இங்கே மருத்துவமும் கற்பித்தார். 1855இல் செமினரி மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. செமினரி மூடப்பட்ட அதே 1855இல் பூவர் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்பதை ஜோன் சினோ இலண்டனில் ஒரு தெருக்குழாயை வைத்துக் காட்டியது அதற்கு முந்திய ஆண்டுதான். யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கு அந்தச் செய்தி அப்போது வந்து சேரவில்லை.

வட்டுக்கோட்டைக்கு வடக்கே சில மைல் தூரத்தில் பண்டத்தரிப்பு. அங்கே 1820இல் குடியேறியவர் டொக்டர் ஜோன் ஸ்கடர். மருத்துவத்தையே ஊழியமாகக் கொண்டு அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மிஷனரி அவர். நியூயோர்க்கில் நல்ல வருமானம் வந்த தொழிலை விட்டுவிட்டு, மனைவி ஹரியற்றோடும் சின்ன மகள் மரியாவோடும் 1819 ஜூனில் பொஸ்ரனில் கப்பலேறினார். கல்கத்தாவில் இறங்கியபோது மரியா நோயில் விழுந்தாள். தகப்பன் டொக்டர்; பக்கத்தில் இருந்தார்; தெரிந்த மருந்தெல்லாம் கையில் இருந்தது. பிள்ளை தங்கவில்லை. அவளைக் கல்கத்தாவில் புதைத்துவிட்டுத்தான் இருவரும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். பின்னாலும் வேறு பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு தகப்பனிடம்தான் பண்டத்தரிப்புத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரோ ஒருத்தியின் பிள்ளை கண் திறக்கும்போது, தன் பிள்ளை கண் திறக்காத அந்த நாளை அவர் என்ன செய்திருப்பார்?

அக்கால மிஷனரிமாரின் விசுவாசத்தில் இதற்கு ஒரு விடை இருந்தது: கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், எடுத்ததிலும் ஒரு நோக்கம் உண்டு. அந்த விடை அவர்களைத் தாங்கி நிறுத்தியது என்பதை மறுக்க முடியாது. ஸ்கடரின் தப்பி வளர்ந்த ஆண்மக்கள் ஏழு பேர் தமிழ்நாட்டுப் பக்கத்தில் மிஷனரிகளானார்கள். அவர்களில் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் சிறு மருந்தகமாகத் தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இலங்கைத் தமிழ்ப் பெற்றோர் பலர், இங்கே கைவிரித்த பிறகு, பிள்ளையோடு விமானம் ஏறுவது அந்த வேலூருக்குத்தான். இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்து, மரியா இறந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லக்கூடாது. இரண்டு வயதுப் பிள்ளையின் சாவை ஓர் ஆஸ்பத்திரியின் அத்திவாரமாக்கும் உரிமை அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டுமே உரியது. பின்னால் வந்து கதை எழுதுபவருக்கு அது இல்லை.

ஊரில் இருந்த விடை வேறு: வினை. பிள்ளைக்குக் கடும் வருத்தம் என்றால் பரியாரியார் நாடி பார்ப்பதோடு சாத்திரியார் குறிப்பையும் பார்ப்பார். அட்டமத்துச் சனி, பிள்ளையின் பலன் தகப்பனுக்குக் கூடாது, ஆர் செய்த பாவமோ என்று பார்க்க வந்தவர்கள் படலையடியிலேயே பேசிக்கொள்வார்கள். சொல்பவர்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். கேட்கும் தாய்க்கு அது தீர்ப்பாக விழுகிறது. தான் எப்போதோ பேசிய ஒரு கடுஞ்சொல், முடிக்காமல் விட்ட ஒரு நேர்த்தி, வயிற்றில் பிள்ளை இருந்தபோது போன ஒரு மரணவீடு என்று அவள் தன் வாழ்வைத் தானே தோண்டத் தொடங்குகிறாள்.

பைபிளில் யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் இதே கேள்வி வருகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. வினைக் கணக்குக்குள் வளர்ந்த செமினரி மாணவர்களுக்கு இந்த இடம் புதுமையாக இருந்திருக்கும். ஆனால் இயேசு அங்கே நிறுத்தவில்லை. கடவுளின் செயல் அவனிடம் வெளிப்படுவதற்காகவே அவன் அப்படிப் பிறந்தான் என்கிறார். பெற்றவர்கள் மேலிருந்த பழியை எடுத்த விடை, பிள்ளையின் துன்பத்துக்கு வேறொரு பயனைக் கட்டிவிடுகிறது. ஒரு தாய்க்கு இதில் பாதிதான் ஆறுதல்.

சைவத்தின் பக்கத்தில் இதற்கு நேராக நிற்கும் கதை கொல்லி மழவனுடையது. சேக்கிழார் அதைச் சொல்லும் விதத்தில் ஒரு தகப்பனின் கையறுநிலை முழுவதும் இருக்கிறது. கொல்லி மழவன் சிற்றரசன். மகளுக்கு முயலகன் என்ற நோய்; உணர்விழந்து விழச் செய்யும் நோய். அரசனிடம் மருத்துவர்களுக்கு என்ன குறை? ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் அவன் மகளைக் கொண்டுபோய்க் காவிரி வடகரையிலுள்ள திருப்பாச்சிலாச்சிராமத்துச் சிவன் முன்னிலையில் கிடத்திவிடுகிறான். இன்றைக்குத் திருவாசி என்று சொல்லப்படும் தலம் அது. ஞானசம்பந்தர் அங்கே வந்து, கோயிலில் பிரக்ஞையின்றிக் கிடக்கும் பெண்பிள்ளையைக் கண்டு, இது என்ன என்று கேட்டறிந்து, ஒரு பதிகம் பாடுகிறார். மகள் எழுந்து நடந்து தகப்பனிடம் வருகிறாள். பாடியவரும் பிள்ளை, எழுந்ததும் பிள்ளை.

அந்தப் பதிகத்தை நோய் தீர்க்கும் பாட்டென்று இன்றும் வீடுகளில் படிக்கிறார்கள். அதன் பொருளை நின்று பார்ப்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி உண்டு. இந்தப் பிள்ளையைக் குணமாக்கு என்ற வேண்டுதல் அதில் வெளிப்படையாக இல்லை. சிவனின் அழகையெல்லாம் சொல்லிக்கொண்டு போய், கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், இந்தப் பெண்ணை இப்படி வாட்டுவது இவருக்குப் பெருமையா என்று கேட்கிறார் சம்பந்தர். இது வழக்குத் தொடுப்பது. கடவுள் செய்ததில் நியாயமில்லை என்று அவருடைய சந்நிதியிலேயே நின்று சொல்வது. பக்தி மரபு அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. முதலாம் திருமுறையிலேயே தொகுத்து வைத்திருக்கிறது. வாட்டின் வராந்தாவில் நின்று கடவுளோடு சண்டை பிடிக்கும் தாய், பிறகு அப்படிப் பேசிவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். அவளுக்கு இந்தப் பதிகத்தை யாராவது பொருளோடு சொல்லிக் கொடுத்தால் நல்லது.

வினைக் கணக்கையும் சம்பந்தர் விடவில்லை. கொங்கு நாட்டில் பனிக்காலத்தில் கூட வந்த அடியார்களுக்குக் குளிர்காய்ச்சல் வருகிறது. இந்த நிலத்தின் இயல்பு அது என்கிறார்கள் அவர்கள். இயல்பாகவே இருக்கட்டும், நம்மை அணுகாது என்று திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பாடுகிறார். வினைக்கு வினை என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பவர்களை அந்தப் பாட்டு கேள்வி கேட்கிறது: உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறைவு இல்லையா? சைவசித்தாந்தம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரித்து வைத்தது உண்மை. ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலுக்குக் காரணம் கண்டுபிடித்துத் தாயைக் குற்றவாளியாக்குவதற்காக அந்தச் சாத்திரங்கள் எழுதப்படவில்லை.

செமினரி நாட்களின் இறுதியில், 1847இல், இந்த ஊருக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாய்க்குப் போனவர் டொக்டர் சாமுவேல் கிறீன். தமிழரின் நோயைத் தமிழில் படித்த தமிழ் வைத்தியர் பார்க்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்து, உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம் ஆகிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பயிற்றினார். 1866, 67ஆம் ஆண்டுகளில் பஞ்சமும் வாந்திபேதியும் சேர்ந்து குடாநாட்டை வாட்டியபோது அந்த மாணவர்கள் ஊர் ஊராக மருந்தோடு போனார்கள். கிறீன் கொண்டுவந்ததில் மருந்தைவிடச் சொல் முக்கியமானது என்று எண்ண இடமுண்டு. பிள்ளைக்கு நடப்பது என்ன என்பதைக் கடவுளின் கோபத்தையோ பாவத்தையோ தொடாமல், நல்ல தமிழில், தாய்க்கு விளங்கும்படி சொல்ல முடியும் என்று ஆயிற்று. அதனால் கோயிலுக்குப் போகிறவர்கள் குறையவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோகும் பாரத்தில் ஒரு பங்கு குறைந்தது.

இன்று வாந்திபேதி பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவதில்லை. பெற்றவர்களை நிலைகுலையச் செய்யும் சொல் இப்போது இரத்தப் புற்றுநோய். அந்த நோய்க்கு எதிரான முதல் வெற்றியும் பொஸ்ரனில்தான் கிடைத்தது. சிட்னி ஃபார்பர் அங்கே 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். 10 பேரிடம் நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் முடிவு வெளியானது. அந்த மருந்தை உருவாக்கிக் கொடுத்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இளமையில் தன் சகோதரர் இருவரை நோய்க்குக் கொடுத்தவர். ஃபார்பர் தன் கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற சொல்லைப் போட்டிருந்தார். எழுந்து உட்கார்ந்து விளையாடிய பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் நோய் திரும்பியது. அந்தப் பெற்றோருக்குக் கிடைத்தது என்ன? போன பிள்ளை திரும்பி வந்து, ஒரு பருவம் வீட்டில் ஓடித் திரிந்து, மறுபடி போனது. அதைக் குணம் என்பதா, கொடுமை என்பதா என்று வெளியில் நிற்பவர் சொல்ல முடியாது. அந்த மாதங்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய பெற்றோரை நினைத்துப் பார்ப்பதும் கடினம்.

பின்னால் வந்த மருந்துகளில் ஒன்று கிடைத்தது ஒரு பூச்செடியிலிருந்து. நித்தியகல்யாணி, ஈழத்தில் பட்டிப்பூ. மடகஸ்காரிலிருந்து உலகெங்கும் பரவி, மழையில்லாவிட்டாலும் பூத்துக்கொண்டே இருப்பது. வட்டுக்கோட்டையில் வேலியோரத்தில் நிற்கும். காலையில் சாமித்தட்டுக்குப் பிடுங்குபவர்களும் உண்டு. சலரோகத்துக்கு மருந்தாகுமா என்று இதன் இலையை ஆராயப்போனவர்கள் இரத்த வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டார்கள். அதிலிருந்து எடுக்கப்பட்ட வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால் 1970 அளவில் பாதிப் பிள்ளைகள் தப்பத் தொடங்கினார்கள். வசதியுள்ள நாடுகளில் இப்போது பத்தில் ஒன்பது பேர் அளவில் தப்புகிறார்கள். அம்மன் காலடியில் வைத்த பூவும் பிள்ளையின் நாளத்தில் ஏறும் மருந்தும் ஒரே செடி என்று ஒரு தாய்க்குத் தெரியவந்தால், அவளுக்கு அது பெரிய அத்தாட்சி. அத்தாட்சி என்று எடுத்துக்கொள்ளாதவருக்கும் அந்தச் செடியின் முன் ஒரு கணம் நிற்கத் தோன்றும்.

வட்டுக்கோட்டையிலிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1990களில் பாதை பூட்டியிருந்த காலத்தில் அது வேறொரு நாடு போல் இருந்தது. குடாநாட்டில் சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு. போர் முடிந்தபின், 2011இல், தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து பணம் சேர்த்தவர்களின் முயற்சியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்று எழுந்தது. சிங்களவரும் தமிழரும் அந்த நடையில் சேர்ந்து போனார்கள். என்றாலும் பிள்ளைகளுக்கான நீண்ட சிகிச்சைக்கு மகரகம போகும் வடக்குப் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் மாதக்கணக்கில் இருந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் போய்வர வேண்டியிருக்கிறது.

நன்றி சொல்வதிலுள்ள சிக்கல் முழுவதும் அந்த வாட்டில்தான் தெரியும். பிள்ளையின் இரத்தக் கணக்கு நன்றாக வந்த நாளில் தாய் அதை உரத்துச் சொல்வதில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கழிவறைப் பக்கம் போய் நின்று போனில் மெதுவாகச் சொல்வாள். கடவுள் என்னைக் கைவிடவில்லை என்ற வாக்கியம் நாவில் வரும். அப்படியானால் அவளை, என்ற மறுபாதி தொண்டையில் நிற்கும். அமெரிக்க யூத குரு ஹரோல்ட் குஷ்னர் தன் மகனை 14 வயதில் இழந்தவர். 1981இல் எழுதிய நூலில், கடவுளால் எல்லாம் முடியாது, ஆனால் அவர் கூட நிற்கிறார் என்ற முடிவுக்கு வந்தார். கூற்றுவனையே உதைத்த சிவனை வணங்குபவர்களுக்கு அந்த விடை பொருந்தாது. ஆனால் அவர் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது வாட்டில் இருந்தவர்களுக்கு விளங்கும். நீதியைக் காப்பாற்றக் கடவுளின் வல்லமையை விட்டுக்கொடுத்தார் அவர். பிள்ளை இறந்தது நீதி என்று சொல்ல வாய் வரவில்லை.

விற்று வாங்கும் நேர்த்தியை இங்கே வைத்துப் பார்த்தால் அதற்கு வேறு முகம் தெரிகிறது. செய்த உதவிக்குக் கூலி கொடுப்பதானால் பணம் மட்டும் கொடுத்தால் போதும். இங்கே பிள்ளையையே கொடுக்க வேண்டியிருக்கிறது. கொல்லி மழவனும் அதைத்தான் செய்தான். மகளைக் கோயிலில் கிடத்தி, இவள் இனி என் பொறுப்பில் அடங்கமாட்டாள் என்று ஒப்புக்கொண்டான். சாமுவேலைப் பெற்ற அன்னாளும் பிள்ளையை ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். கட்டிலருகில் ஏற்கெனவே உணர்ந்துவிட்ட ஒன்றைத்தான் தாய் சாமிக்கு முன்னால் செய்து காட்டுகிறாள்: பிள்ளை தன்னுடையது என்று நினைத்திருந்தாள், அது உடைந்துபோயிற்று. திருப்பி வாங்கும்போது கையில் வருவது அதே பிள்ளைதான். வைத்திருக்கும் விதம் மாறிவிடுகிறது. இந்த விளக்கத்தில் இறந்த பிள்ளையின் தாய் தோற்றவள் ஆவதில்லை. அவளும் அதே நிலத்தில் தன் பிள்ளையைக் கிடத்தியவள்தான். நேர்த்தி வைத்ததில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுடைய பிள்ளை ஏன் திருப்பிக் கொடுக்கப்படவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சம்பந்தரைப் போல அதைக் கடவுளிடமே கேட்க வேண்டும்.

மகரகமவிலிருந்து வீடு திரும்பிய தாய்மார் முதல் வெள்ளிக்கிழமையே அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போவார்கள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். தன் பிள்ளையின் பெயரைச் சொன்ன பிறகு, இன்னும் வாட்டில் கிடக்கும் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பெயரையும் சொல்பவர்கள் உண்டு. சிலவேளை அது சிங்களப் பெயர். நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டால், தெரியாது ஐயா, பெயர் மட்டும்தான் தெரியும் என்பார்கள். ஐயர் அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, தன் நாவுக்கு வந்தபடி உச்சரித்துக்கொண்டு உள்ளே போவார்.